மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு வயர்

வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வந்து இறங்கி, அட்டையும் தெர்மகோலும் தாழ்வாரத்தில் குவிந்து, ஐம்பத்தைந்து அங்குலத் திரை கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்று, குடும்பத்தார் எல்லோரும் ஆவலோடு எதிரே அமர்ந்த பிறகு, அதில் தெரிகிற முகங்கள் பழைய பெட்டியில் தெரிந்ததைக் காட்டிலும் மங்கலாக இருக்கக் கண்டு திகைப்பவர்கள் இக்காலத்தில் அநேகர். பழி முதலில் கடைக்காரர் தலையில் விழுகிறது. அடுத்தபடியாக டிடிஎச் நிறுவனத்தின் மீது சந்தேகம் எழுகிறது. மாதச் சந்தாவைக் கூட்டி, செட்டாப் பாக்ஸையும் மாற்றி, அதன் பிறகும் தூறல் விழுந்தவுடன் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும்போது, எல்லாம் நம் கிரகசாரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கூடத்தில் வைக்கும் சாதனங்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத நாம், அவற்றுக்கு உயிர் கொடுக்கிற உபகரணங்கள் மொட்டைமாடியில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு டிடிஎச் அமைப்பை அபிவிருத்தி செய்ய விரும்புகிறவர் மாடியில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும் என்பதும், பணத்தை முதலில் வயரிலும் அதன் நுனியில் பொருத்துகிற பின்னிலும் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் பெட்டியில் போடவேண்டும் என்பதுமே என் அபிப்பிராயம்.

அலை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலத்திலேயே தானும் ஒருமுறை சுற்றி முடிப்பதால், நம்மைப் பொறுத்தவரை வானத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதாகக் கொள்ளத்தக்க செயற்கைக்கோளிலிருந்து அது புறப்படுகிறது. இப்படிப்பட்ட மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிற்காலத்தில் இலங்கையிலேயே குடியேறி வாழ்ந்தவர். 1975-இல் இந்தியா ஏடிஎஸ்-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கோழிவலைக் கம்பியால் ஆன டிஷ்களின் மூலம் கல்வி ஒளிபரப்பு நடத்திய பரிசோதனையின்போது, நம் விஞ்ஞானிகள் கொழும்பில் அவருடைய இல்லத்துக்கே போய் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள் என்பது சுவாரசியமான சரித்திரம். அன்று அவர் வீட்டில் நிறுவிய டிஷ் ஐந்து மீட்டர் அகலம்; இன்று நம் வீட்டு மாடியில் இருப்பது அறுபது சென்டிமீட்டர். செயற்கைக்கோள்களின் சக்தி பெருகியதும், பத்துப் பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் கேயூ பேண்ட் அலைகளைக் கையாளும் வித்தை மலிவானதும் இந்தச் சுருக்கத்துக்குக் காரணங்கள்.

தென் மாவட்டங்களில் வசித்த மூத்தவர்கள், எண்பதுகளில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக நெடிய இரும்புக் குழாயை மாடியில் நட்டு, அதன் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாவையும் பூஸ்டரையும் கட்டி, ஒருவர் மேலே நின்று குழாயைத் திருக, மற்றொருவர் கீழேயிருந்து ‘போதும், போதும், கொஞ்சம் பின்னாலே’ என்று கூவிய காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். அந்த அலை பலவீனமாக இருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மழைபோல் பொழியும். ஆனாலும் படம் என்று ஏதோ ஒன்று தெரியும். இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்த நடுநிலை கிடையாது. ஒரு எல்லைக்கு மேலே சிக்னல் இருக்கும்வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனவுடன் உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். ஆகவே வெயில் நாளில் படம் நன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து மாடியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. எல்லைக்கு ஒரு முழம் மேலே நிற்கிறோமா, ஒரு நூல் மேலே நிற்கிறோமா என்பதை வெறும் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டிஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது நிற்கிற நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள செயற்கைக்கோளை நோக்கினால், அது ஏறத்தாழச் சரியான தென்கிழக்குத் திசையில், தொடுவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில், அதாவது உச்சிக்குச் சமீபத்தில் நிற்கிறது. கன்னியாகுமரியிலோ இன்னும் பதினெட்டுப் பாகை கிழக்கே திரும்ப வேண்டும். டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்து பார்ப்பதாகத் தெரியாது. அலையைச் சேகரிக்கும் எல்.என்.பி. என்னும் மூக்கு டிஷ்ஷின் மையத்துக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், தகட்டின் முகம் நாற்பத்தைந்து பாகைக்குச் சாய்ந்திருந்தாலும் அதன் பார்வை அதைவிட இருபது பாகைக்கு மேல் உயரமாகவே போகிறது. இவ்வளவு உயரத்தில் நோக்குவதால் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர் உயர்ந்து நிற்கிற சுவரோ மரமோ, அந்தத் திசையில் நாலு மீட்டருக்கு அப்பால் இருந்தால் குறுக்கே வராது. தென்னையாக இருந்தால் மட்டையின் விரிவையும், அடுத்த ஐந்து வருஷத்தில் அது வளரப்போகிற வளர்த்தியையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மார்கழியில் தெளிவாக இருந்த படம் ஆடிக் காற்றில் விட்டுவிட்டு வருகிறது என்றால், காற்றில் ஆடும் மட்டை டிஷ்ஷின் பார்வைக்குள் புகுந்து புகுந்து போகிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வை ஓரிரு பாகை விலகிவிடுகிறது. கைப்பிடிச் சுவரில் இரண்டு ஆணியை அறைந்து டிஷ்ஷை மாட்டிவிட்டுப் போகிறவர்களும், டிஷ்ஷைத் தாங்குகிற குழாயிலேயே துணி காயப்போடும் கொடியைக் கட்டுகிறவர்களும் இதை அறிந்தால் நல்லது. கான்கிரீட் தளத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கி, குழாய் நாற்புறமும் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் பிறகே டிஷ்ஷை ஏற்றுவது கிரமம். குழாய் சாய்ந்திருந்தால் உயரத்தைச் சரிசெய்யும்போது திசை கெடும், திசையைச் சரிசெய்யும்போது உயரம் கெடும். பொழுது போவது ஒன்றுதான் பலன்.

டிஷ்ஷின் திசை ஒருமுறை அமைந்துவிட்டால் சாசுவதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2007 மார்ச்சில் ஏவப்பட்டு 93.5 பாகையில் நின்ற இன்சாட்-4பி, 2010 ஜூலை 7-ஆம் தேதி அதன் சூரிய மின்பலகையில் நேர்ந்த கோளாறினால் மின்சாரம் போதாமல், அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் தன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்திவிட வேண்டிய நிலைக்கு வந்தது. அதை நம்பியிருந்த சென்னை நிறுவனமான சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு ஒளிபரப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வரைபடத்தில் இரண்டு பாகை என்பது அற்பம்; ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ மாடிகளில் யாராவது ஒருவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறி டிஷ்ஷைத் திருப்பினால் அல்லாமல் அந்த இரண்டு பாகையைக் கடக்க முடியவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் ஆகாய சாஸ்திரம் கடைசியில் ஒரு ஏணியிலும் ஒரு ஸ்பானரிலும் வந்து நிற்கிற விசித்திரம் இது.

இனி எல்.என்.பி. டிஷ் குவித்துக் கொடுக்கிற அலை மிக மெலிந்தது. அதன் துடிப்போ மிக வேகமானது. அவ்வளவு வேகமான அலையைச் சாதாரண வயரில் அனுப்பினால் சில மீட்டருக்குள் கரைந்துபோகும். ஆகவே எல்.என்.பி. அதைப் பல லட்சம் மடங்கு பெருக்குவதோடு, தனக்குள் இருக்கும் 9.75 அல்லது 10.6 கிகாஹெர்ட்ஸ் அலைப்பிறப்பியோடு கலந்து, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, வயரில் பிரயாணம் செய்யத்தக்க அலையாக இறக்கிக் கீழே அனுப்புகிறது. இந்த வேலைக்கு வேண்டிய மின்சாரம் மாடியில் எங்கிருந்து கிடைக்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. செட்டாப் பாக்ஸ்தான் அதே வயரின் வழியாக மேலே அனுப்புகிறது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளில் சில நிமிர்ந்து அதிர்கின்றன, சில படுத்து அதிர்கின்றன. டெக்னீஷியன்கள் வெர்டிகல், ஹாரிசான்டல் என்பார்கள். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. நிமிர்ந்த அலையைக் கொடுக்கும். 18 வோல்ட் அனுப்பினால் படுத்த அலையைக் கொடுக்கும். அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய துடிப்பையும் சேர்த்து அனுப்பினால், 10.6 கிகாஹெர்ட்ஸ் அலைப்பிறப்பிக்கு மாறி மேல் வரிசைச் சேனல்களைக் கொடுக்கும். நாம் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் கூடத்திலிருந்து மாடிக்கு இந்தச் சங்கேதம் ஓடுகிறது. மேலே போகும் மின்சாரமும் கீழே வரும் படமும் ஒரே வயரில் எதிரெதிராகப் பிரயாணம் செய்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகிற கோளாறுகளில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

வயருக்கு வருவோம். கடையில் ‘டிஷ் வயர்’ என்று கேட்டால் என்ன எடுத்துக் கொடுப்பார்கள் என்பது கடைக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது. ‘ஆர்ஜி-6’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய கேபிள் டி.வி. நாட்களில் வீடுகளுக்குள் இழுக்கப்பட்ட மெல்லிய ஆர்ஜி-59 வயர் அந்தக் காலத்து அலைவரிசைக்குப் போதுமானது. 2,000 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஆகாது. நல்ல ஆர்ஜி-6 வயரிலேயே முப்பது மீட்டர் ஓடிய பிறகு, மேல் அலைவரிசையில் புறப்பட்ட சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். எல்.என்.பி. தாராளமாகப் பெருக்கி அனுப்புவதால் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு ஐம்பது அறுபது மீட்டர் இழுக்க வேண்டியிருந்தால், இடையில் ஒரு லைன் ஆம்ப்ளிஃபையர் போடலாம். ஆனால் அதைச் செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைப்பது பிரயோஜனமற்றது. அலை மெலிந்து இரைச்சலோடு கலந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். ஆகையால் அது டிஷ்ஷுக்கு அருகே இருக்க வேண்டும்.

ஆர்ஜி-6 என்று அச்சிட்டிருப்பதெல்லாம் ஒரே தரம் அல்ல. வயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை, எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு உறை என்று அடுக்கடுக்காகத் தெரியும். நடுக்கம்பி செம்பு நிறமாக மின்னும். ஆனால் ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளுமானால், அது செம்பு பூசிய எஃகு. மிக வேகமாகத் துடிக்கும் அலை கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், படத்தைப் பொறுத்தவரை செம்புப் பூச்சே போதும் என்று உற்பத்தியாளர் வாதிடுவது நியாயம்தான். மேலே போகிற நேர்மின்சாரமோ கம்பியின் உள்ளுடல் முழுவதையும் உபயோகித்து ஓடுவது. எஃகு அதற்கு முட்டுக்கட்டை போடுகிறது. நீளம் குறைந்தால் பாதகமில்லை. நீண்ட வயரில், அதுவும் பூச்சு மெலிந்து பின் துருவேறியிருந்தால், கீழே 18 வோல்ட்டாகப் புறப்பட்டது மேலே போய்ச் சேரும்போது தேய்ந்து, எல்.என்.பி. அதை 13 என்று எண்ணிக்கொள்கிறது. சில சேனல்கள் பளிச்சென்று தெரிய, வேறு சில அறவே வராமல் இருக்கிற மர்மத்துக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். வலைப்பின்னலிலும் சிக்கனம் செய்வார்கள். விரலால் உறையை உரித்துப் பார்த்தால் நாலைந்து இழைகள் மட்டும் சிதறிக் கிடக்கிற வயரை வாங்காமல் திரும்புவது உத்தமம்.

வயர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் நுனியில் பொருத்துகிற எஃப் கனெக்டர் என்னும் பின் சரியில்லையானால் அத்தனையும் வீண். இதைப் பொருத்துவதை நேரில் நின்று பார்த்தால் வந்திருக்கிறவரின் யோக்கியதை தெரிந்துவிடும். கைதேர்ந்தவர் கறுப்பு உறையை மட்டும் சுற்றிக் கீறி எடுத்து, வலைக்கம்பிகளை ஒன்றுவிடாமல் பின்பக்கமாக மடித்து, வெள்ளை நுரையை நறுக்கென்று வெட்டி, பின்னைச் செருகிய பிறகு உள்ளே எட்டிப் பார்ப்பார். வெள்ளை நுரை பின்னின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி பின்னின் வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் செட்டாப் பாக்ஸ் ‘எல்.என்.பி. ஷார்ட்’ என்று திரையில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பல்லால் கடித்து உறையை உரித்து, பின்னைக் கையால் திருகி ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். திருகிப் போடும் பின் வீட்டுக்குள்ளே பரவாயில்லை. மாடிக்குக் கம்ப்ரெஷன் பின்தான் ஏற்றது. அதற்குத் தனி இடுக்கி வேண்டும் என்பதால் பலர் தட்டிக்கழிப்பார்கள்; பின்னின் விலை வித்தியாசம் சில ரூபாய்தான், பிடிவாதமாகக் கேட்டு வாங்கலாம்.

பின்னுக்கு முதற்பகை தண்ணீர். எல்.என்.பி.யின் வாயில் ரப்பர் உறையைப் போடாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால், சித்திரை வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, ஐப்பசியில் தண்ணீர் உள்ளே புகுந்து, வலைப்பின்னலின் வழியாக மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். அப்படித் தண்ணீர் குடித்த வயரைக் காயவைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று ஒன்று எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. இழுத்து இழுத்துச் சுற்றினால் ஒரே கட்டியாகிவிடும். வயர் வீட்டுக்குள் நுழைகிற துளைக்கு முன்னால் ஒரு சாண் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்; துளையும் வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். மூலைகளில் வயரை மடக்கி ஒடிப்பதும், ஆணியடித்து நசுக்குவதும், மின்சார வயர் ஓடுகிற பைப்புக்குள்ளேயே இதையும் நுழைப்பதும் செய்யத்தகாத காரியங்கள். கடைசியாகச் சொன்னது ஆபத்தும்கூட.

இரண்டாவது தொலைக்காட்சி வாங்குகிற வீட்டில்தான் வயர் சாஸ்திரத்தின் முழுப் பரிமாணமும் வெளிப்படுகிறது. படுக்கையறைக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று தீர்மானித்தவுடன், சொற்ப விலைக்குக் கிடைக்கிற ஸ்பிளிட்டரை வாங்கி வந்து ஒரு வயரை இரண்டாக்கிவிடுகிறார்கள். முதலாவதாக, அந்த ஸ்பிளிட்டரின் மூடியில் ‘5–1000’ என்று பொறித்திருக்கும். அது கேபிள் டி.வி.க்கு உரியது, அதற்கு மேற்பட்ட அலைகளை ஒழுங்காகக் கடத்தாது. 2,400 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்தக்கூடியது வேறு. இரண்டாவதாக, அதை வாங்கினாலும் பிரச்சினை தீராது. கூடத்தில் தாத்தா பார்க்கும் செய்திச் சேனல் நிமிர்ந்த அலையில் இருந்து அந்த பாக்ஸ் 13 வோல்ட் அனுப்ப, படுக்கையறையில் பேரன் பார்க்கும் கிரிக்கெட் படுத்த அலையில் இருந்து இந்த பாக்ஸ் 18 வோல்ட் அனுப்பினால், இரண்டு எஜமானர்களிடம் அகப்பட்டுக்கொண்ட வேலைக்காரனைப் போல எல்.என்.பி. உரத்த குரலுக்கே கீழ்ப்படியும். கிரிக்கெட் ஓடும், செய்தி நின்றுவிடும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் மனஸ்தாபம் வராமல் இருக்க வேண்டுமானால், இரண்டு வாய் உள்ள டுவின் எல்.என்.பி.யைப் போட்டு, ஒவ்வொரு பாக்ஸுக்கும் மாடியிலிருந்து தனி வயர் இறக்குவதே நேர்வழி. நாலு வாய் உள்ளதும், எட்டு வாய் உள்ளதும் உண்டு. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிற பாக்ஸ்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவு செய்வதற்காக உள்ளே இரண்டு டியூனர்கள் இருக்கும். பல மாடல்களில் அதற்கே இரண்டு வயர் வேண்டும். ஆகவே மேஸ்திரி சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும்போதே, இப்போது ஒன்றுதான் தேவை என்றாலும், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஆர்ஜி-6 வயரும், இணையத்துக்காக ஒரு கேட்-6 வயரும் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். பூசி வெள்ளையடித்த சுவரை மறுபடி உடைக்கிற செலவோடு ஒப்பிட்டால் வயரின் விலை ஒன்றுமில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உச்சித்தளத்தைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்கு ஒரு டிஷ் என்று இருபது முப்பது டிஷ்கள் காளான்கள் முளைத்த மாதிரி நெருங்கி நிற்பதும், அவற்றின் வயர்கள் வெளிச்சுவரில் ஜடைஜடையாகத் தொங்குவதும் பரிச்சயமான காட்சி. ஒரு நிறுவனத்துக்கு ஒரு டிஷ் நிறுவி, அதில் நிமிர்ந்த அலை, படுத்த அலை, கீழ்வரிசை, மேல்வரிசை ஆகிய நான்கையும் தனித்தனி வாயில் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் குவாட்ரோ எல்.என்.பி.யைப் பொருத்தி, அந்த நாலு வயரையும் மல்டிஸ்விட்ச் என்னும் பெட்டியில் சேர்த்துவிட்டால், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வயர் போதும். யார் எதைக் கேட்டாலும் மல்டிஸ்விட்ச் எடுத்துக் கொடுக்கும். யோசனை நல்லது, எலெக்ட்ரானிக்ஸில் தடை ஒன்றும் இல்லை. சங்கக் கூட்டத்தில் இதற்குச் சம்மதம் வாங்குவதுதான் செயற்கைக்கோள் ஏவுவதைவிடக் கடினமானது.

தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் 2004 டிசம்பரில் தொடங்கியது. அதையும் ஒரு கட்டணச் சேவையையும் சேர்த்து அனுபவிக்க விரும்புகிறவர்கள், இரண்டு டிஷ்ஷிலிருந்து வரும் வயர்களை டைசெக் என்னும் சிறு ஸ்விட்ச்சில் இணைத்து, அதை ஆதரிக்கிற ஒரு பாக்ஸுக்குக் கொண்டுவர முயல்வதுண்டு. கட்டணச் சேவையின் படங்கள் பூட்டப்பட்டே வருவதால், அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸில் அல்லாமல் அவை திறவா. ஆகையால் இந்த ஸ்விட்ச் பெரும்பாலும் இலவசச் சேனல் ரசிகர்களுக்கே உபயோகப்படும்.

இப்போது கூடத்துக்குள் வருவோம். இங்கே வேலை சொற்பம். சாதாரண எஸ்டி படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். எச்டி படத்தில் 1,920-க்கு 1,080. அதாவது ஐந்து மடங்கு. 4கே திரையிலோ எண்பத்திரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகளை அவ்வளவு பெரிய திரையில் இழுத்துப் பரப்பினால் படம் மங்காமல் என்ன செய்யும்? சிறிய பழைய பெட்டியில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். எச்டி பாக்ஸும் எச்டி சந்தாவும் வாங்கிய பிறகும், பழைய பழக்கத்தினால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று நிறப் பின்களையே செருகிவைத்திருக்கிற வீடுகள் உண்டு. அந்த மஞ்சள் வயரில் எச்டி படம் வராது. ஒரு எச்டிஎம்ஐ வயரைப் போட்டு, பாக்ஸின் மெனுவில் படத்தின் அளவை 1080 என்று மாற்றிவைத்தால் போதும். அந்த வயருக்குத் தங்கமுலாம், விசேஷ உறை என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் மயங்க வேண்டாம்; இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண நல்ல வயரும் அதுவும் கொடுக்கிற படம் ஒன்றே.

வேலை முடிந்ததும் கூலி கொடுப்பதற்கு முன்னால், பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ‘ஸ்ட்ரெங்த்’ என்றும் ‘குவாலிட்டி’ என்றும் இரண்டு பட்டைகள் தெரியும். முதலாவது வந்து சேர்ந்த சக்தியின் அளவு. அதில் இரைச்சலும் அடக்கம். டிஷ் வேறெங்கோ திரும்பியிருந்தாலும் அது கணிசமாகக் காட்டும். இரண்டாவதுதான் படத்தைப் பிழையின்றிப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பதைச் சொல்வது. அதையே நம்ப வேண்டும். படம் வந்தவுடன் போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்க அவசரப்படுகிறவரை நிறுத்தி, குவாலிட்டிப் பட்டை உச்சத்தைத் தொடும்வரை டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்தவும், எல்.என்.பி.யை அதன் பிடிக்குள்ளே சற்றுத் திருகிப் பார்க்கவும் சொல்வது அவசியம். அந்தப் பத்து நிமிஷம்தான் மழைக்காலத்துக்கான சேமிப்பு. கேயூ பேண்ட் அலைகளை மழைத்துளிகள் விழுங்கிச் சிதறடிப்பது இயற்கை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது எந்த டிஷ்ஷும் சில நிமிஷம் தடுமாறும். ஆனால் உச்சத்தில் அமைத்த டிஷ் பெருமழைக்கு மட்டும் பணியும். அரைகுறையாக அமைத்தது தூறலுக்கே படுத்துவிடும். மார்ச் மாத நடுவிலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் முதல் நாட்களிலும், வெயில் பளீரென்று அடிக்கும்போதே தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சில நிமிஷம் படம் மறைந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே சூரியன் வந்து நின்று, தன் இரைச்சலால் அதை அமுக்கிவிடுகிறது. சில நாட்களில் தானே விலகிவிடும்.

இடிமின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் நிற்கிற இரும்புக் குழாயும், அதிலிருந்து கூடம்வரை ஓடுகிற வயரும், மின்னலின் பாதிப்பு வீட்டுக்குள் வருவதற்கு நல்ல பாதை. குழாயையும், வயரின் வெளிவலையையும் ஒரு கிரவுண்டிங் பிளாக்கின் வழியாக வீட்டு எர்த்தோடு கனமான செம்புக் கம்பியால் இணைப்பதை இங்கே அநேகமாக யாரும் செய்வதில்லை. எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்துகொள்வது நலம். அப்படிச் செய்தாலும் நேராக விழுகிற இடியை அது தடுக்காது என்பதால், வானம் உறுமத் தொடங்கியதும் மின்பிளக்கை மட்டுமல்ல, பாக்ஸின் பின்னால் உள்ள டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

நிறுவனத்தை மாற்றுகிறவர்களுக்கு ஒரு செலவு மிச்சம் உண்டு. புதிய இணைப்போடு டிஷ், வயர் எல்லாம் சேர்த்தே விலை சொல்வார்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஆர்ஜி-6 வயருக்கு எந்த நிறுவனம் என்ற பேதம் கிடையாது, அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கும் பெரும்பாலும் கிடையாது. திசையை மாற்றி, தேவையானால் எல்.என்.பி.யை மட்டும் மாற்றினால் போதும். இந்த வேலைகளையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மழையில் நனைந்த மாடியில் ஏணி வைக்கச் சொல்வது பாவம். கடைசி பின்னைப் போடுவதற்கு முன்னால், டிஷ்ஷின் அடியில் ஒரு மீட்டர் வயரை உபரியாக வளையம் சுற்றிக் கட்டச் சொல்லவும் மறக்கக் கூடாது; நாலு வருஷம் கழித்துப் பின் துருவேறினால் நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுப் பின் போட அது உதவும். வந்தவர் வயர் வீணாகிறது என்று ஆட்சேபிப்பார். ‘பரவாயில்லை தம்பி, கட்டுங்கள்’ என்று சொல்லி, கட்டிய பிறகே கீழே இறங்கலாம்.